வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய தண்ணீர்

பொழிச்சலூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆக்ஸிலியா எழுதுகிறேன். உனக்கு வரும் கடிதங்களை ஃபாதர் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று அம்மா சொன்னாள். அதனால் முதலில் அவருக்கு வணக்கம். ஃபாதர், இதில் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் இருக்கும்.

அண்ணா, நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் பாதி வேலையில் அணைந்துபோகிறது. ஸ்டுடியோ ஜெயவேலு அண்ணன் கொடுத்த கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி முடித்துவிட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக மாற்றும்போதுதான் சூடு ஏறி, திரை கறுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தாலி கட்டும் இடத்தில். நேற்று ஜெயவேலு அண்ணன் போன் செய்து, "இன்னாம்மா, அதுங்களுக்குக் குயந்தையே பொறந்துடும் போலக்கீது, வீடியோ எப்பத் தருவே?" என்றார். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

பதினொன்றாம் வகுப்பில் நான் பாதியில் நின்றபோது எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். நீ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாய். இப்போது ஒரு நாற்காலி சும்மா இருக்கிறது. துணி மடித்து வைக்கிறோம்.

சாமியாராகப் போகிறேன் என்று நீ ஏற்காட்டுக்கு நோவிஷியேட் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று எல்லாவற்றையும் கொடுத்தாய். வண்டியைச் சித்தப்பாவுக்கு. சட்டைகளைப் பக்கத்து வீட்டு ஹேமநாத்துக்கு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. "வந்து போட்டுத் தரேன், தொடாதே" என்றாய். பல்லாவரம் சந்தையில் வாங்கிய அந்த ரேடியேட்டர், பம்ப், தொட்டி, செம்பு பிளாக் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் சுற்றி வந்து சூட்டை இழுத்துக்கொண்டால் கம்ப்யூட்டர் அணையாது, இல்லையா?

எப்போது வருவாய்?

உன் தங்கை,
ஆக்ஸிலியா


ஏற்காடு
27 பிப்ரவரி 2025

ஆக்ஸி,

ஃபாதர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "நானும் வணக்கம் சொன்னேன்னு எழுதுப்பா" என்றார். எழுதிவிட்டேன்.

பெட்டியைத் தொடாதே. காற்றாடி மாற்றுவது போன்ற வேலை இல்லை அது. ஒரு ஃபிட்டிங் சரியாக உட்காராமல் ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மதர்போர்டு போச்சு. அப்புறம் ஜெயவேலு அண்ணன் அந்தக் குழந்தைக்குக் காது குத்தும் வீடியோவைத்தான் உன்னிடம் கொண்டுவருவார்.

மே மாதம் இருபத்துநாலாம் தேதி எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் நாள். அது முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்கு விடுவார்கள். வந்து ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன். அதுவரை பக்கவாட்டு மூடியைக் கழற்றி வை. தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டு. டேபிள் ஃபேனை நேராகத் திருப்பு. பழைய வைத்தியம்தான், ஆனால் கேட்கும்.

இங்கே காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலை வெட்டுகிறது. ஜெபத்துக்குப் போகும்முன் முகம் கழுவும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். இந்தக் குழாயிலிருந்து ஒரு ட்யூபை மாட்டி மலை இறக்கி நம் வீட்டு ஜன்னல் வரை கொண்டுவந்துவிட்டால் உனக்கு ரேடியேட்டரே வேண்டாம். இறக்கம்தானே, பம்ப்கூட வேண்டாம். தியானத்தில் இதைத்தான் நினைத்தேன் என்று ஃபாதரிடம் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

ஷெர்வின்


பொழிச்சலூர்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொடாதே என்றாய். தொடவில்லை. திறந்து பார்த்தேன்.

பார்த்ததும் மூட மனம் வரவில்லை. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் வைத்தால் ராம் மெமரி கார்டு இடிக்கிறது. முன்பக்கம் வைத்தால் ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்ற வேண்டும். கூண்டு காலியாகத்தான் இருக்கிறது, கழற்றலாம். தண்ணீர் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதில்தான் குழப்பம். பிளாக்கில் சூடான தண்ணீர் நேராக ரேடியேட்டருக்குப் போக வேண்டுமா, தொட்டிக்குப் போய்விட்டுப் போகலாமா? பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். சரியா என்று பார். போடுவதற்காக இல்லை. நீ வரும்போது நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக.

டேபிள் ஃபேன் வைத்தியம் பாதிதான் கேட்டது. ஃபேன் அங்கே போய்விட்டதால் அம்மா என்னைத் திட்டிக்கொண்டு விசிறியால் வீசிக்கொள்கிறாள். முட்டி வலி அப்படியே. தவக்காலம் என்பதால் யாரிடமும் குறை சொல்லாமல் ஒப்புக்கொடுக்கிறாளாம். என்னிடம் சொல்வது கணக்கில் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. வார்த்தைப்பாடு ஆனதும் உன்னை "வாங்க பிரதர், சாப்பிடுங்க பிரதர்" என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அம்மா இப்போதே பழகுகிறாள். நேற்று உன் படத்தைத் துடைக்கும்போது "இவரு" என்றாள். எனக்கு வராது, அண்ணா. முயற்சியும் செய்ய மாட்டேன்.

நீ இருந்தபோது விமானம் வீட்டுக்கு மேலே வந்தால் பேச்சை நிறுத்துவோம். போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவோம். இப்போதும் விமானங்கள் வருகின்றன. நிறுத்துவதற்குப் பேச்சுதான் இல்லை.

ஆக்ஸிலியா


ஏற்காடு
23 மார்ச் 2025

ஆக்ஸி,

உன் படம் நன்றாக இருக்கிறது. நான் போட்டு வைத்திருந்ததைவிட நன்றாக இருக்கிறது. முன்பக்கம்தான் சரி. கூண்டைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வரிசையைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். ஒன்றே ஒன்று முக்கியம். தொட்டி பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் ஒரு நொடிகூடத் தண்ணீர் இல்லாமல் ஓடக் கூடாது. கார்ப்பரேஷன் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. உப்பு படியும், பாசி பிடிக்கும். பேட்டரி கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். அதையும் வருடத்துக்கு ஒரு முறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். முதலில் மற்ற எதற்கும் கரண்ட் போகாமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டு. மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ வை. நனைந்தால் தெரிந்துவிடும்.

ஃபாதர் உன் படத்தைத் தன் அறைக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டிருந்தார். "ரேடியேட்டரை மேல வெக்கலாமே, சூடு மேலதானே போகும்?" என்று கேட்டார். ராம் இடிக்கும் என்றேன். "ஓ" என்றார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், மே மாதம் என்னால் வர முடியாது. ஜூன் தொடக்கத்திலேயே பெங்களூரில் படிப்பு ஆரம்பிக்கிறது. இங்கிருந்து நேராக அங்கே போகிறேன். விடுப்பு அடுத்த வருடம்தான். அதனால் நீயே போட்டுவிடு. உன்னால் முடியும்.

ஷெர்வின்


பொழிச்சலூர்
2 ஏப்ரல் 2025

அண்ணா,

பெட்டியைக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

முடியுமா முடியாதா என்பது இல்லை. நீ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனாய். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது அந்தப் பெட்டியிடம் மட்டும்தான். அதை நானே முடித்துவிட்டால் இந்த வீட்டில் உனக்கென்று ஒரு வேலைகூட மிச்சம் இருக்காது.

வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஜெயவேலு அண்ணன் சொல்கிறார். கொடுக்கட்டும்.

ஆக்ஸிலியா


ஏற்காடு
14 ஏப்ரல் 2025

ஆக்ஸி,

உன் கடிதம் கிடைத்தது. நேற்று குருத்து ஞாயிறு. குருத்தோலையில் சிலுவை மடிக்க உட்கார்ந்தேன். உனக்குத்தான் நன்றாக மடிக்க வரும். என்னுடையது இந்த வருடமும் காற்றாடி மாதிரிதான் வந்தது.

போன கடிதத்தில் எழுதியது முழு உண்மை இல்லை. பெங்களூர் படிப்பு உண்மை. ஆனால் நடுவில் பத்து நாள் இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். கட்டாயம் எதுவும் இல்லை. எடுத்தால் எடுக்கலாம், விட்டால் விடலாம்.

ஏன் என்று கேட்பாய். ஃபாதரும் கேட்டார். வந்தால் திரும்பிப் போக மனம் வராதோ என்ற பயம். இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆக்ஸி. யாரும் தள்ளி வரவில்லை. காலையில் பனியில் கோயில் மணி அடிக்கும்போது, இங்கேதான் இருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் சாயங்காலம் டீ குடிக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது நாற்காலி ஞாபகத்துக்கு வந்துவிடும். நீ ஏதோ ஒரு கிளிப்பை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பாய். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு எதிராக எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். வேலையை மட்டும் விட்டுவிடாதே.

ஷெர்வின்


பொழிச்சலூர்
6 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஈஸ்டர் வரை யோசித்தேன். நீ பயந்துபோய் வராமல் இருக்கும்போது, பெட்டியைக் காட்டி உன்னை இழுப்பது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இறக்கினேன்.

பேட்டரி கடைக்கு நானேதான் போனேன். பம்மல் மெயின் ரோட்டில், கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில். எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டினேன்.

"இன்னாம்மா ஓணும்?"

"பேட்டரி தண்ணி."

"இன்வெர்ட்டருக்கா?"

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆசிட் கலந்ததைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். "கம்ப்யூட்டருக்கு" என்றேன்.

"கம்ப்யூட்டரு எப்பம்மா தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "வெயிலு அந்த மாதிரி கீதுபா. நமக்கே தாங்கல, அது இன்னா பண்ணும் பாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆசிட் இல்லாதது அண்ணே, வெறும் தண்ணி. சீல் பிரிக்காத கேனா குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. வீடு வரும்வரை அதை ஒருமுறை இரண்டுமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கூண்டைக் கழற்றி, முன்பக்கம் ரேடியேட்டரை மாட்டி, ட்யூபை அளந்து வெட்டினேன். முதல் துண்டைக் குட்டையாக வெட்டி வீணாக்கிவிட்டேன், மற்றவை சரி. நீ சொன்னபடி பம்பை மட்டும் ஓட்டினேன். கேபினெட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்ததும் காற்றுக் குமிழிகள் குழாயில் ஓடி வந்து தொட்டியில் ஏறின. டிஷ்யூ ஒன்றுகூட நனையவில்லை. மிச்சக் காற்றும் போகட்டும் என்று தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அம்மா அங்கே நிற்கிறாள். ஒரு கையில் வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா உருவ பாட்டில். இன்னொரு கையில் மாதாவின் நீலக் கிரீடம், அதாவது மூடி.

"என்னம்மா பண்ற?"

"கொஞ்சமாத்தான்டி ஊத்தினேன். பிரதர் ஆசையா வாங்கி வெச்ச சாமான். தீர்த்தம் இருந்தா கெடாதுல்ல."

"கெடும்மா! அதுல உப்பு இருக்கும். பாசி பிடிக்கும்."

"மாதா தண்ணியில பாசியா? வாயைக் கழுவு முதல்ல!"

உடனே வடித்துவிட வேண்டும் என்றேன். அம்மா வாளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். தீர்த்தம் கலந்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாதாம். பாத்ரூமிலும் கூடாதாம். வேறு எங்கே என்றால் அவளுக்கும் தெரியவில்லை. "ஒரு சாமியாரைக் கேக்காம ஒரு சொட்டு கீழ விடக் கூடாது" என்றாள்.

அண்ணா, இத்தனை நாள் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் யூடியூபிலேயே பதில் இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். இதற்கு மட்டும் இல்லை. என்ன செய்யட்டும்?

இப்போதைக்கு அதே தண்ணீரில்தான் ஓடுகிறது. நிறம் மாறவில்லை. தாலி கட்டும் இடத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெரிய ஃபேன் சத்தம் நின்றதும் வீட்டில் வேறு சத்தங்கள் கேட்கின்றன. அம்மா அடுத்த அறையில் உன் பெயரைச் சொல்லி ஜெபமாலை சொல்வது கேட்கிறது.

ஆக்ஸிலியா


ஏற்காடு
13 மே 2025

ஆக்ஸி,

ஃபாதர் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தது சமையலறை வரை கேட்டதாம். சமையல்கார அக்கா வந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "உங்கம்மா சொல்றது சரிப்பா. மந்திரிச்ச தண்ணியை மண்ணுலதான் ஊத்தணும். நீ போய் ஊத்திட்டு வா."

"லீவு வேணாம்னு சொல்லிட்டேனே, ஃபாதர்."

"லீவுன்னு யாரு சொன்னது? வேலை. ரெண்டு நாள்ல முடிச்சிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறு." வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, "பயமா இருந்தாலும் போ" என்றார்.

வடிக்காதே. அப்படியே வைத்திரு. வார்த்தைப்பாட்டுக்கு நீயும் வா. முன்வரிசை வேண்டாம், தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து வைக்கிறேன்.

ஷெர்வின்


பொழிச்சலூர்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெங்களூர் விலாசம் அம்மா கொடுத்தாள். அங்கேயும் கடிதத்தைப் படிப்பார்களா? தெரியாததால் பொதுவாக ஒரு வணக்கம்.

வார்த்தைப்பாட்டில் நீ வெள்ளை அங்கியில் முட்டி போட்டபோது தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் குரல் நடுங்கவில்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, நீ சரியான இடத்தில்தான் இருக்கிறாய் என்று. அதற்காக எனக்கு அழுகை வரவில்லை என்று இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா, "வாங்க பிரதர்" என்றதும் நீ பின்னால் திரும்பி யார் என்று தேடினாய் பார், அதை நினைத்து இன்னும் சிரிக்கிறோம். இப்போது அம்மா பாதி வாக்கியம் "வாங்க" என்றும் மீதி "டா" என்றும் பேசுகிறாள். அவள் தொட்டித் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்ற வைத்துவிட்டு, நீ ஊற்றிய இடத்தில் யாரையும் செருப்போடு நடக்க விடுவதில்லை.

இரண்டாவது நாள் துணியை எல்லாம் எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் வேலை செய்தேன். நீ சும்மா இருந்தாய். கிளம்பும் நேரத்தில் அடுத்த வருடம் வருவாயா என்று கேட்டேன். அப்போது பார்த்து விமானம் வந்தது. நிறுத்தினோம். அது போன பிறகு நீ விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "ஆட்டோ வந்துடுச்சு" என்றாய்.

அதை நினைத்தே இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

நேற்று சாமி மேடையைத் துடைக்கும்போது மாதா பாட்டிலை எடுத்தேன். தண்ணீர் இடுப்பு வரைதான் இருக்கிறது. நீ வருவதற்கு முன் தோள் வரை இருந்தது. அம்மாவிடம் மறுபடியும் தொட்டியில் ஊற்றினாயா என்று கேட்டேன். மாதாமேல் ஆணையாக இல்லை என்கிறாள். அவள் மாதாமேல் பொய் சத்தியம் செய்ய மாட்டாள். நானும் ஊற்றவில்லை. புதுத் தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகியது நீதான். அப்போது என்னை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினாய்.

உப்பு படியும், பாசி பிடிக்கும் என்று எனக்கு எழுதியவன் நீ. தீர்த்தம் கலந்ததை மண்ணில்தான் ஊற்ற வேண்டும், நீ வந்து ஊற்றாமல் அம்மா ஒரு சொட்டு வடிக்க விடமாட்டாள் என்பதும் உனக்குத் தெரியும்.

ஜெயவேலு அண்ணன் இரண்டு கல்யாணம் கொடுத்திருக்கிறார். போனில் நானே பேசினேன். மெஷின் சத்தமில்லாமல் ஓடுகிறது. தினமும் காலையில் டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்க்கிறேன். இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.

நான் வடிக்க மாட்டேன். பச்சை தெரிய ஆரம்பித்ததும் எழுதுகிறேன்.

உன் தங்கை,
ஆக்ஸிலியா